எத்தனை கட்டுக் கரும்பு

"ஹலோ… ஹலோ, அகல்யா… கேக்கா? …கேக்கா, கேக்கலையா? …ம், இப்ப கேக்கு. எங்கட்டி போயித் தொலைஞ்ச இவ்வளவு நேரம்? …மீட்டிங்கா. சரி, சரி. …இல்ல, நான் கோவப்படல. நான் எங்க கோவப்பட்டேன்? எத்தன கட்டுன்னு மட்டும் சொல்லு. அங்க ராஜவேல் தார்ப்பாயப் போட்டுக் கட்டட்டா, கட்டட்டான்னு கேட்டுக்கிட்டு நிக்கான்."

கோபப்படவில்லை என்று பாலசுப்ரமணியம் சொன்ன சத்தத்தில், அப்பளம் வாங்க வந்த ஓர் அம்மாள் ஓரடி பின்னால் போய் நின்றாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஊர்ச் சாமான் விற்கிற கடை அவருடையது. இட்லி அரிசி, வத்தல், அப்பளம், கருப்பட்டி, கறிவேப்பிலை என்று டில்லித் தமிழர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். திருநெல்வேலியை விட்டு வந்து பாதி ஆயுள் ஆகியும் பேச்சு மட்டும் தாமிரபரணியைத் தாண்டவில்லை. மகள் அகல்யாவுக்குக் குர்காவ்னில் வேலை. ஒரு துணிக்கடைக் கம்பெனியில் எந்த ஊர்க் கடைக்கு எத்தனை சட்டை அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. ஊரான் கடைக்கெல்லாம் கணக்குப் போடுகிறவள் அப்பன் கடைக்கும் ஒன்று போட்டுத் தரட்டுமே என்று இந்த வருஷம்தான் மனுஷருக்குப் புத்தியில் உறைத்திருந்தது.

பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். மேலூர்ப் பக்கம் கரும்பு வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரே லாரி, ஒரே நடை. குறைந்துபோனால் திரும்ப வரவழைக்க நாள் கிடையாது. மிஞ்சிப்போனால் பொங்கலுக்கு மறுநாள் டில்லியில் செங்கரும்பைத் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது.

"…என்னது, கேள்வியா? இன்னுமாட்டி கேள்வி? நேத்து ராத்திரியே உனக்கு எல்லாத்தையும் வாய்ஸ் மெசேஜுல வாசிச்சு அனுப்பிட்டேனே. ஒவ்வொரு பேரா, ஒவ்வொரு போன் நம்பரா. தொண்ட கட்டிப்போச்சு. …தமிழ் வாசிக்கத் தெரியாதுன்னா பின்ன எப்படி அனுப்ப? …சரி, கேளு. சீக்கிரம் கேளு. …மிஞ்சுனா எவ்வளவுக்குப் போகும்? ஒண்ணுக்கும் போகாது. …ஜூஸ்காரனா? ஜனவரி மாசம், இந்தக் குளிருல, எவம்ட்டி கரும்பு ஜூஸு குடிப்பான்? …லோஹ்ரிப் பண்டிகைக்குப் பஞ்சாபிக்காரங்க வாங்குவாங்கதான். அவங்க வாங்குறது இங்கத்திய பச்சக் கரும்பு. நம்ம கருப்புக் கரும்பப் பாத்தா கரி பூசின கம்பான்னு கேக்கான். …ஆமா, சைபர். சைபருன்னே போட்டுக்க."

"ஏக் மினிட், பையா. ராம்பிரசாத், இந்தத் தீதிக்கு உளுந்து அப்பளம் தே தோ. …உனக்கில்ல, கடைப் பையன்ட்ட சொல்லுதேன். நீ சொல்லு."

கல்லாவின் மேல் கிடந்த இன்னொரு போன் துடித்தது. ராஜவேல்தான். மேலூரில் கரும்பு பிடித்து வடக்கே ஏற்றிவிடுகிற தரகர் அவர். பாலசுப்ரமணியம் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மகள் கேட்டதைக் காதில் வாங்கினார். வாங்கியதும் முகம் கடுகடுவென்று ஆனது.

"…இல்லன்னு ஒருத்தரத் திருப்பி அனுப்புனா எவ்வளவு நட்டமா? ஒரு ஜோடிக் கரும்புல கெடைக்கிற லாபம்னா போட்டிருக்க? …அதான் தப்பு. அழிச்சிரு. கரும்பு வாங்க வாறவுக கரும்ப மட்டுமா வாங்குதாவ? மஞ்சக்குலை வாங்குவாவ, பச்சரிசி, வெல்லம், பனங்கிழங்கு, நெய்யி, ஏலக்கா எல்லாம் ஒரே நடையில வாங்கிட்டுப் போவாவ. கரும்பு இல்லன்னு வையி, எதுத்த கடைக்குப் போயிருவாவ. போனவுக சித்திரைக்கும் அங்கயே போவாவ, தீவாளிக்கும் அங்கயே போவாவ. …ஆமா. …ஆமா, அவ்வளவும்தான் நட்டம். …அதுக்கு ஒரு நம்பரா? அதுக்கு நம்பரு நீ போடு. நான் பட்டுட்டு வந்தவன், எனக்கு வயித்தெரிச்சல்தான் தெரியும்."

பட்டது நிஜம். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் தாராளமாக வரவழைத்தார். பாதிக் கரும்பு கடை வாசலிலேயே காய்ந்தது. மார்க்கெட் சங்கத்துக்காரர்கள் வழியை அடைக்கிறாய் என்று சண்டைக்கு வர, கடைசியில் வண்டி வைத்து ஒரு மாட்டுக் கொட்டிலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். அந்தப் பயத்தில் போன வருஷம் கையைச் சுருக்கினார். போகியன்று மத்தியானமே கரும்பு தீர்ந்து, கோல் மார்க்கெட்டிலிருந்தும் முனிர்காவிலிருந்தும் மெட்ரோ பிடித்து வந்த சனம் கடை முன்னால் நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனது. எதிர்க்கடை வைத்தி, "இங்க வாங்கோ, இங்க நிறைய இருக்கு" என்று சந்து முழுக்கக் கேட்கக் கூவினார். அன்றைக்கு நின்ற பேச்சுவார்த்தை இன்றைக்கு வரைக்கும் இல்லை. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு கைவண்டி போகிற அகலம்தான் இருக்கும்.

பக்கத்துக் கடை உலர்பழ வியாபாரி ஒருவர் இந்தக் கடையையும் சேர்த்து வளைத்துப் போட ரொம்ப நாளாக அலைகிறார். தீபாவளி சமயம் வீட்டில் வாக்குவாதம் முற்றி, "இந்தப் பொங்கலும் கவுந்துச்சுன்னா சாவிய அவன் கையில குடுத்துட்டு வாரேன்" என்று பாலசுப்ரமணியமே வாயைக் கொடுத்துவிட்டார். மனைவி காந்திமதி அதற்கு ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"…இல்லட்டி, இந்த வருஷம் அந்தக் கவல இல்ல. இந்த வருஷம் முன்னாலயே சொல்லி வைக்கணும்னு வாறவுக போறவுக எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். பாரு, நானூறு வீடு சொல்லியிருக்கு. நானூறு வீட்டுக்கு நானூறு ஜோடி. கட்டுக்குப் பத்துக் கரும்பு, அஞ்சு ஜோடி. அப்ப எம்பது கட்டு. சொல்லாம வாறவுகளுக்கு மேல ஒரு பத்து. தொண்ணூறுன்னு ராஜவேலுகிட்ட சொல்லிரட்டா? …ஏன் இழுக்க? …போன வருஷம் நாப்பதுதான். அதான் பத்தலையே. …டபுளுக்கு மேலதான். அதுக்கென்ன? …ஜனம் எங்கேருந்து வந்துச்சுன்னா? டில்லியில தமிழ்ச் சனம் கூடிருக்கும், யாரு கண்டா. வாயால கேட்டு வாங்கியிருக்கேன், ஒண்ணு ரெண்டு இல்ல, நானூறு வீடு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்க கம்ப்யூட்டருக்கு?"

அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்தார். உட்கார முடியவில்லை. நின்றாலும் கால் நிற்கவில்லை. தொண்ணூறு கட்டு வந்து இறங்கி நானூறு வீடும் வந்து வாங்கிப்போகிற காட்சி ஒரு கண்ணிலும், அந்த மாட்டுக் கொட்டில் மறு கண்ணிலும் தெரிந்தது.

"…சரி, ஒண்ணு கேக்கேன். நம்ம வீட்டயும் சேத்துத்தானே போட்டிருக்க? …நம்ம வீட்ட, நம்ம வீட்டுக்குக் கரும்பு வேண்டாமா? …சேக்கலையா? ஏன்? …மறந்துட்டன்னா சேத்துக்க. …பின்ன? …அம்மா வேண்டாம்னாளா? அம்மா எதுக்கு வேண்டாம்னா? …ஏட்டி, முழுங்காத. சொல்லு. …ஒண்ணுமில்லன்னா ஏன் இப்படித் திக்குத? …ம்? …எங்க? …எங்க சொல்லியிருக்கா?"

நடை நின்றது.

"…யாரு கடையில? …வைத்தி கடையிலயா? …நம்ம எதுத்த கடை வைத்திகிட்டயா? …உங்கம்மாவா? …கரும்புக் கடைக்காரன் பொண்டாட்டி எதுத்த கடையில கரும்பு சொல்லி வச்சிருக்காளா? …ராம்பிரசாத், தோ மினிட். …இல்ல, நான் கத்தல. மெதுவாத்தான் கேக்கேன். …எதுக்குச் சொன்னா? …ம். …ம். …வருஷா வருஷமா?"

அவர் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தார். அது சர்க்கரை மூட்டையா அரிசி மூட்டையா என்றுகூடப் பார்க்கவில்லை.

"…அப்ப போன வருஷம் வீட்டுல நின்ன கரும்பு? …அதுவும் வைத்தி கரும்பா? …ஐயோ. அத நான் கடிச்சுத் தின்னேனட்டி. ஒரு கணுவக் கடிச்சுட்டு, நம்ம சரக்கு, எப்படி இனிக்கு பாருன்னு உங்கம்மாட்டயே சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. ஆமா, நல்லாருக்குன்னா. …நீ சிரிக்காத. …சிரிக்காதன்னு சொல்லுதேன். …ம். …நான் எப்ப வித்தேன்? …போகி அன்னைக்கு எவனாவது கடைசியில வந்து கெஞ்சுனா, வீட்டுக்கு எடுத்து வச்சதையும் தூக்கிக் குடுத்துருதேனா? …எத்தன வருஷம்? …முத ரெண்டு மூணு வருஷம் கரும்பு இல்லாமலே பொங்க வச்சாளா? …என்கிட்ட சொல்லிருக்கலாம்ல. …சொன்னாளா? …எப்ப சொன்னா? …எனக்கு ஞாபகமே இல்லட்டி."

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வரவும் வந்தது. ஆனால் யார் மேல் வைப்பது என்று தெரியாமல் கோபம் சும்மா நெஞ்சுக்குள்ளேயே சுற்றிவிட்டு இறங்கிவிட்டது. சந்துக்கு அந்தப் பக்கம் வைத்தி யாருக்கோ தேங்காய் தட்டிப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளைப் பார்க்கப் பார்க்க வேறொரு யோசனை தட்டியது.

"அகல்யா… இரு, இரு. பேசாத. ஒரு நிமிஷம் பேசாம இரு. …உங்கம்மா எதுக்கு எதுத்த கடையில சொன்னா? இங்க கெடைக்காமப் போயிரும்னு பயந்துதானே? …ஆமா. எம்பொண்டாட்டியே பயந்தா, போன வருஷம் வெறுங்கையோட போச்சே அந்தச் சனம், அது பயப்படாதா? …ஆமாட்டி. …ஆமா, அதான் சொல்லுதேன். இந்த நானூறு வீடும் என்கிட்ட மட்டுமா சொல்லியிருக்கும்? …இரு, லைன்லயே இரு. போனக் கீழ வைக்காத."

அந்த நேரத்துக்கு மஞ்சள் பொட்டலத்தை மோந்து பார்த்துக்கொண்டு கடையில் நின்றது விஜயலக்ஷ்மி. கோல் மார்க்கெட் சர்க்கார் குடியிருப்பிலிருந்து வருஷக்கணக்காக வருகிறவர். போன வாரம்தான் ஒரு ஜோடி கரும்பு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒண்ணு கேக்கேன். என்கிட்டக் கரும்பு சொன்னீங்கள்ல, எதுத்த கடையிலயும் சொல்லியிருக்கீங்களா? …இல்ல, சும்மாதான். …சொன்னா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சத்தியமா. …சொன்னீங்களா. அங்கயும் ஒரு ஜோடியா? …அதுபோக? …உங்க தம்பி மெட்ராஸ்லேருந்து ரயில்ல கொண்டு வாறாரா. அச்சா. …மொத்தத்துல உங்க வீட்டுக்கு எத்தன ஜோடிம்மா வேணும்? …ஒண்ணு. …ஒண்ணே ஒண்ணு. …இல்ல இல்ல, கோவமே இல்ல. நல்ல வேள சொன்னீங்க. ராம்பிரசாத், இவங்களுக்கு மஞ்சப் பொடி பாதி வெலைக்குப் போடு."

விஜயலக்ஷ்மி திருட்டு முழி முழித்துக்கொண்டே மஞ்சள் பொடியை வாங்கிக்கொண்டு நழுவினார். பாலசுப்ரமணியத்துக்கு வேர்த்தது. டில்லியில் ஜனவரி மாசம் வேர்க்கிற ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"கேட்டியா? …ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க, ரயில்ல வேற. வேண்டியது ஒண்ணு. இத நம்பி நான் தொண்ணூறுன்னு சொல்லப் போனேனட்டி. …ஆமா, நீ இழுத்தது சரிதான். …இப்ப என்ன செய்ய? பாதின்னு போட்டுருவமா? …ஏன் கூடாது? …பாதின்னு குருட்டாம்போக்குல போட்டா போன வருஷக் கததான்கிற. …அதுவும் சரிதான். …பின்ன எப்படித் தெரிஞ்சிக்கிட? நானூறு பேருக்கும் போன் போட்டு நீ பொய் சொன்னியா, நெசம் சொன்னியான்னா கேக்க முடியும்? …யாருகிட்ட? …வைத்திகிட்டயா? …வேற வழி சொல்லு. …நான் பேச மாட்டேன். …முடியாதுன்னா முடியாதுட்டி. அந்தாளு சந்துல நின்னு கூவினது எனக்கு இன்னும் காதுல கேக்கு."

கவிழ்த்துப் போட்ட போன் மறுபடி துடிதுடித்தது. இந்த முறை எடுத்துத்தான் ஆக வேண்டும். இடது காதில் மகள், வலது காதில் ராஜவேல்.

"ராஜவேலு, அண்ணாச்சி பேசுதேன். …தெரியும், தெரியும். …டிரைவரு கெளம்பணும்கானா? …ஆக்ரா தாண்டிப் பனி மூட்டம், அதுக்கு நான் என்ன செய்ய. …கால் மணி குடும். …பத்து நிமிஷமா. …சரி, பத்து நிமிஷம். அதுக்குள்ள தார்ப்பாயக் கட்டினீரு, பொறவு எனக்கு லாரி விட வேண்டாம். …கோவிச்சுக்கிடாதீரும். சொல்லிருதேன், இதோ சொல்லிருதேன்."

வலது காது அமர்ந்தது. இடது காதில் அகல்யா ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள். அவள் அப்படிக் காத்திருக்கிறபோதுதான் அவருக்கு ரொம்ப எரிச்சல் வரும். பேசிச் சண்டை போட்டாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

"…இருக்கேன். …யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். …வைத்தியும் வந்த பேரையெல்லாம் நம்பிக் கூடுதலாச் சொல்லிட்டு முழிப்பாருங்கியா? முழிக்கட்டுமே. …ஆமா, அவரு கரும்பு மிஞ்சுனா வெலையக் கொறைப்பாரு. கொறைச்சா எங்கிட்டயும் எவனும் வர மாட்டான். …அதுவும் தெரியும். எல்லாந்தெரியும். …சரிட்டி. சரி. போறேன். நீ லைன்லயே இரு. அந்தாளு ஏதாவது ஏடாகூடமாப் பேசுனா நான் திரும்பி வந்துருவேன், அதையும் சொல்லிட்டேன்."

மூன்று எட்டுத்தான் தூரம். அந்த மூன்று எட்டை எடுத்து வைக்கிறதற்குள் வேட்டியை இரண்டு தரம் சரி செய்துகொண்டார். அவர் வருவதைப் பார்த்ததும் வைத்தி கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வைத்தி… ஒண்ணுமில்ல வே. …இல்ல, சண்டைக்கு வரல. …போன்ல எம்மவ இருக்கா. …சௌக்கியமாத்தான் இருக்கா. வே, ஒரே ஒரு கேள்வி. ஒமக்கு இந்த வருஷம் எத்தன வீடு கரும்பு சொல்லியிருக்கு? …பயப்படாதீரும், நான் ஒண்ணும் பிடுங்கிக்கிட்டுப் போக மாட்டேன். என்னுது நானூறு. நானே மொதல்ல சொல்லிட்டேன். …முந்நூத்தம்பது. போன வருஷம்? …அப்ப ஒமக்கும் திடீர்னு கூடிப்போச்சு. ஒமக்குச் சந்தேகமே வரலையா? …எனக்கும் வரல. இப்ப வந்துருக்கு. ரெண்டு பேருக்கும் சொன்னது ஒரே ஆளுங்க வே. …எப்படித் தெரியும்னா…"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வைத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"…ஒமக்குத்தான் தெரியுமே. எங்க வீட்டுலேருந்தே ஒம்மகிட்ட வாங்குதாவளாம். …இத்தன வருஷம் நீரும் ஒரு வார்த்த சொல்லல. …சொல்ல வேண்டாம்னு சொல்லியிருந்தாளா. சரி. …அத விடும். ஒமக்குச் சொன்னவுக போன் நம்பரெல்லாம் ஒம்ம போன்லதானே இருக்கு? அத எம்மவளுக்கு அனுப்பிவிடும். ரெண்டு பேரு நம்பரையும் அவ ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லிருவா. …நான் பாக்க மாட்டேன். அவ மட்டுந்தான் பாப்பா. …ஒமக்கு லாரி எப்ப? …நீரும் ராஜவேலு லாரிதானா? …நம்ம ரெண்டு பேரையும் ஒரே லாரியில ஏத்திக்கிட்டு ரெண்டு பேருட்டயும் முழு லாரி வாடகை வாங்கியிருக்கானா அவன். …அத பொறவு பேசுவோம். ஜல்தி அனுப்பும்."

வைத்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அழுத்தி அழுத்தி அனுப்பினார். ஒரு வருஷம் பேசாத இரண்டு பேரும் ஒரே தேங்காய்க் குவியலுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றார்கள். சந்தில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"வந்துருச்சா? …வந்துச்சா, அகல்யா? …சரி, சரி, மெதுவாப் பாரு. …மெதுவாப் பாருன்னா, ரொம்ப மெதுவாப் பாக்காத. …எத்தன? …இருநூத்து முப்பதா? வைத்தி, இருநூத்து முப்பது வீடு ரெண்டு பேருட்டயும் சொல்லியிருக்கு வே. …உக்காரும். தண்ணி குடியும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. …சொல்லுட்டி. …அந்த இருநூத்து முப்பத நாங்க பாதிப் பாதி பிரிச்சா… ம். …ஒரு வீடு ஒரு கடையில மட்டுந்தான் வாங்கும், அதுனால… ம், வெளங்குது. …அப்ப எனக்கு எரநூத்தெம்பத்தஞ்சு வீடு, அம்பத்தேழு கட்டு; வைத்திக்கு எரநூத்து முப்பத்தஞ்சு வீடு, நாப்பத்தேழு கட்டு. …ரயில்ல கொண்டு வாறவுகளுக்குக் கொஞ்சம் கழிவு. …சொல்லாம வாறவுகளுக்குக் கொஞ்சம் கூட. …கூட்டிக் கழிச்சா எனக்கு ஒரு கட்டு கூடுது, வைத்திக்கு அப்படியே. அம்பத்தெட்டு. …அறுவதா வச்சிக்கிடுவமே? மனசு கேக்கல. …ஏன் வேண்டாம்? …அச்சா. ஒருத்தருக்குக் கொறஞ்சா இன்னொருத்தரு குடுக்கணும். …ரெண்டு கடையும் சேந்து நின்னா கைவசம் கொஞ்சமா வச்சாப் போதும்கிற. …வைத்தி, எனக்குக் கொறஞ்சா நீரு தருவீரா? …ஒமக்குக் கொறஞ்சா நான் தாரேன். ஒரே வெல. கூவப்படாது. …சரி, நானும் கூவல."

அம்பத்தெட்டு. தொண்ணூறிலிருந்து அம்பத்தெட்டுக்கு இறங்கி வந்ததில் அவருக்குப் படியில் கால் தவறியது போல் இருந்தது. இனி அது பலித்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் உலர்பழக்காரர் கையில் சாவி. இரண்டாவது போனை எடுத்தார்.

"ராஜவேலு… எழுதிக்கிடும். எனக்கு அம்பத்தெட்டு. அம்பது, எட்டு. வைத்தி கடைக்கு நாப்பத்தேழு. …ஆமா, நாந்தான் சொல்லுதேன் ரெண்டு பேருக்கும். அவரு பக்கத்துலதான் நிக்காரு. …அதிசயப்படுறது இருக்கட்டும், லாரி வாடகையப் பத்தி ஒம்மகிட்ட ஒரு பேச்சு இருக்கு. …இப்ப இல்ல. லாரிய விடும். …ஆமா, கட்டும். தார்ப்பாயக் கட்டும்."

போனைச் சட்டைப் பையில் போட்டார். பத்து நாள் பாரம் ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. ஆனாலும் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை இப்போதுதான் முழுசாக விட்டார். பக்கத்தில் வைத்தி தன் போனைத் தேய்த்துத் தேய்த்து ஏதோ ஒரு பேரைத் தேடிக்கொண்டிருந்தார். தேடி எடுத்து, பாலசுப்ரமணியத்தின் பக்கம் போனைத் திருப்பிக் காட்டி, விரலை அழிக்கிற இடத்தில் வைத்தார்.

"என்ன வே? …அது எங்க வீட்டுப் பேருதான். …எதுக்கு அழிக்கீரு? …இல்ல. …இல்ல வே, கைய எடும். …எனக்கு மரியாதக் கொறச்சலா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. …தெரியும், நீரு நல்ல மனசோடதான் சொல்லுதீரு. அது ஒம்ம கடையிலயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா வித்துருவேன்."

வைத்தி ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்.

"…இல்ல, என்னய எனக்குத் தெரியாதா? போகி அன்னைக்குச் சாயந்தரம் கைக்கொழந்தையோட எவளாவது வந்து நிப்பா. இல்லன்னு சொல்ல வாய் வராது. வீட்டுக்கு வச்சத எடுத்துக் குடுத்துட்டு, வீட்டுல கேட்டா கேட்டுக்கிடலாம்னு இருந்துருவேன். அவ கேக்கவும் மாட்டா. …அதான். நல்லதா ஒரு ஜோடி, கணு நெருக்கமில்லாம, தோகையோட பாத்து எடுத்து வையும். அவ வந்து வாங்கிக்கிடட்டும். நான் வந்து கேட்டாலும் எங்கிட்டக் குடுக்காதீரும்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் இருந்த போன் ஞாபகம் வந்தது.

"ஹலோ… அகல்யா, இருக்கியா? …கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா? …ம். …ஒண்ணுமில்ல. …நான் நல்லாத்தான் இருக்கேன்ட்டி. …அம்மாட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நானே பேசிக்கிடுதேன். …சரி, உன் மீட்டிங்குக்குப் போ. …ஆங், ஒண்ணு. இப்பத்தான் கேட்டேன்ல, அத விட்டுரு. நம்ம வீட்ட எங்கணக்குல சேக்காத. …ஒரு ஜோடியில கட்டு மாறாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் சேக்காத. …ம். …ம். வைக்கேன்."